14 இரவுகளுக்கு ஓர் ஏரி

ஜூலை 8

பாய்சி நகரத்து வீட்டில் குளியலறைச் சுவருக்குள் குழாய் வெடித்து, கூடத்து மரத்தளம் அப்பளமாய் உப்பிக்கொண்டது. பிரித்து, காயவைத்து, மறுபடி போட இரண்டு வாரம் ஆகும் என்றார் ஒப்பந்தக்காரர். ஹோட்டல் வாடகையைக் கேட்டதும் ஓய்வுபெற்ற அந்த ஆசிரியையும் கணவரும் கொட்டகையில் கிடந்த 24 அடி கேரவனைப் பிக்கப் வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

நிஸா ஊரைத் தாண்டி ஓவைஹீ ஆற்றுப் பள்ளத்தாக்குக்குள் நுழைந்ததும் சாலை ஒடுங்கியது. ஒரு பக்கம் எரிமலைப் பாறை, மறுபக்கம் ஆறு. செல்போன் சிக்னல் போயிற்று. அதோடு ஒப்பந்தக்காரரின் தொல்லையும் போயிற்று என்று ஆசிரியைக்கு முதலில் நிம்மதி.

ஜூலை 9

கணவர் காலையிலிருந்து சக்கரங்களுக்கு அடியில் கட்டை வைத்துக்கொண்டிருக்கிறார். கேரவனின் ஃபிரிட்ஜ் அம்மோனியாவில் ஓடும் வகை. வண்டி சாய்ந்து நின்றால் உள்ளே திரவம் சரியாக ஓடாது; பால் திரிந்துவிடும். ரசமட்டத்தின் குமிழி நடுக்கோட்டுக்கு வர இரண்டு மணி நேரம் ஆயிற்று.

ஓவைஹீ ஏரி மாநிலப் பூங்காவில் இவர்கள் பிடித்த இடத்துக்கு மின்சாரம் உண்டு, தண்ணீர்க் குழாய் உண்டு. கழிவுக் குழாய் கிடையாது. வருவதை நாமே தேக்கி வைத்து, நாமே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். பாத்திரம் கழுவிய, குளித்த தண்ணீருக்கு 30 காலன் தொட்டி. கழிவறைக்குத் தனித் தொட்டி. அமெரிக்கச் சட்டப்படி ஷவரில் நிமிடத்துக்கு 2.5 காலன் வரை வரலாம். அந்தக் கணக்கில் 12 நிமிடம் குளித்தால் தொட்டி தளும்பிவிடும்.

முப்பது வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவர், இந்தக் கணக்கை ஒருநாளும் போட்டதில்லை. தொட்டியின் அளவைக் காட்டும் விளக்குகளையும் நம்ப முடியாது. கழிவறைத் தொட்டிக்குள் உணரியில் காகிதம் ஒட்டிக்கொண்டால் காலித் தொட்டியும் ‘முக்கால்’ என்று காட்டும். இரவில் எழுந்து எழுந்து போய் அந்த விளக்கைப் பார்க்கிறார். வீட்டைப் பற்றிய பயம் மொத்தமும் அந்தச் சின்னச் சிவப்பு விளக்குக்குள் போய் உட்கார்ந்துவிட்டதோ என்னவோ.

ஜூலை 10

வெயில் நூற்றுமூன்று டிகிரி. எழுதத் தெம்பில்லை.

ஜூலை 13

வந்த அன்று தண்ணீர் விளிம்பில் கணவர் ஒரு வெள்ளைக் கல்லை வைத்திருந்தார். இன்று கல்லுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கலாம்.

பூங்காவில் தன் கேரவனிலேயே தங்கி, வாடகைக்குப் பதிலாகத் தன்னார்வப் பணி செய்யும் பெரியவர், “இது ஏரி இல்லம்மா, நிலத்துக்காரங்க தொட்டி. திறந்து விட்டுட்டேதான் இருப்பாங்க” என்றார்.

உண்மைதான். 417 அடி உயர ஓவைஹீ அணை 1932-இல் முடிந்தபோது உலகிலேயே உயரமானது. ஹூவர் அணைக்கான கான்கிரீட் உத்திகளை முதலில் இங்கேதான் சோதித்துப் பார்த்தார்கள். 50 மைலுக்கு மேல் நீளும் இந்தத் தேக்கத்திலிருந்து சுரங்கக் கால்வாய் வழியாகப் போகும் தண்ணீரில்தான் ஆரிகன், ஐடஹோ எல்லையில் வெங்காயமும் சர்க்கரைக் கிழங்கும் விளைகின்றன. அணையில் மீன் ஏறுவதற்கு வழி வைக்கவில்லை. ஒருகாலத்தில் கடலிலிருந்து வடக்கு நெவாடா வரை நீந்திப்போன சால்மன் மீன்களுக்கு இந்த ஆறு அத்தோடு அடைபட்டது.

உள்ளே கேரவன் தொட்டி ஏறுகிறது, வெளியே ஏரி இறங்குகிறது. இரண்டையும் தினமும் அளக்க ஆரம்பித்துவிட்டார் ஆசிரியை.

ஜூலை 15

நல்ல நாள். எதிர்க்கரைப் பாறையில் கொம்பு சுருண்ட காட்டாடுகள் இறங்கின. வேட்டையிலும் நோயிலும் இங்கே அற்றுப்போனவற்றை 1965-இல் லெஸ்லி பள்ளத்தாக்கில் கொண்டுவந்து விட்டார்கள், அவற்றின் வம்சம்.

பக்கத்துக் கேரவன் பையன் பிடித்த மீனில் இரண்டைக் கொடுத்தான். இந்த ஏரி மீனுக்கான பாதரச எச்சரிக்கை ஞாபகம் வந்து, ஒன்றை மட்டும் பொரித்தார் ஆசிரியை. கணவர் எதுவும் கேட்காமல் இரண்டாவதையும் பொரித்துத் தின்றார்.

ஜூலை 17

சிக்னலுக்காக நிஸா போனார்கள். தரை இன்னும் ஈரமாம், கீழே பூஞ்சை பிடித்திருக்கிறதாம், மேலும் மூன்று வாரமாம். தொலைபேசியை வைத்துவிட்டு ஆசிரியை வெங்காய வயலோரமாக வெயிலில் நடந்தார். வாய்க்காலில் தண்ணீர் சலசலத்து ஓடிற்று. காலையில் கணவர் வைத்த கல்லைவிட்டு நகர்ந்த தண்ணீர்!

வீட்டை விட்டு இங்கே வந்தவர்கள் முன்பும் உண்டு. 1942-இல் இந்த ஊர் ஓரத்தில் ஒரு கூடார முகாம் இருந்தது. போர்ட்லாண்டில் வீடு, கடை எல்லாவற்றையும் விட்டு வெளியேற்றப்பட்டு, கால்நடைக் கண்காட்சிக் கொட்டகையில் அடைக்கப்பட்டிருந்த ஜப்பானிய அமெரிக்கர்கள், கிழங்கு வயலில் வேலை செய்யச் சம்மதித்து இங்கே வந்தார்கள். போரினால் ஆள் பஞ்சம், சர்க்கரை வேண்டும். அந்த ஜூலையில் அரசுப் புகைப்படக்காரர் ரஸ்ஸல் லீ இங்கே வந்து படம் எடுத்தார். வரிசையாய்த் துணிக் கூடாரங்கள், துணி துவைக்கும் பெண்கள். இதே வெயில். இதே அணைத் தண்ணீர்.

திரும்பும் வழியில் கணவர், “ஏன் பேசாம வர்றே?” என்றார்.

“தளத்துக்கு ஓக் மரம் போடலாமா, பைன் போடலாமான்னு யோசிக்கிறேன்” என்றார் அவர்.

ஜூலை 18

விளக்கைப் பார்க்க எழுந்திருக்கவில்லை.

ஜூலை 20

கணவர் கையுறை மாட்டிக்கொண்டு கழிவு இறக்கினார். முதலில் கழிவறைத் தொட்டி, பிறகு குளியல் தொட்டி. குழாயைப் பின்னது கழுவிவிடும். ஆசிரியை குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். இந்த வேலையில் இருவருக்குள்ளும் சண்டை வராத முதல் தடவை.

மத்தியானம் சண்டை வந்தது. அடுத்து புரூனோ மணல்மேட்டுப் பூங்காவுக்குப் போகலாம் என்கிறார் கணவர். அங்கே இன்னும் வெயில் என்கிறார் இவர். மகள் வீட்டுக்குப் போகலாமா என்பதை இருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஆரிகன் மாநிலப் பூங்காக்களில் ஒரே இடத்தில் 14 இரவுகளுக்கு மேல் தங்க விடமாட்டார்கள். 22-ஆம் தேதி பகல் ஒரு மணிக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும்.