ஏசினால் சர்க்கரை இறங்குமா?

இனிப்பு நீர் வந்தவருக்கு நம் வீடுகளில் மாத்திரையோடு சேர்த்து ஏச்சும் கிடைக்கிறது. "மறுபடியும் சோறா?", "சாகணும்னு ஆசையா?" 2019 தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் 31.4. அப்படியானால் எத்தனை வீட்டில் எத்தனை ஏச்சு!

கோலா தெர்லாவில் இருக்கும் என் பெரியம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளியவர். கிளினிக்கில் ஏசுகிறார்கள் என்று இரண்டு முறை போகாமல் இருந்துவிட்டார். கால் விரலில் வந்த புண்ணையும் சொல்லவில்லை. மகன் தற்செயலாகப் பார்த்து, தானா ராத்தா மருத்துவமனைக்கு அழைத்துப் போனான்.

வானொலியில் பேட்டி எடுப்பவள் நான். ஆமாம், இல்லை என்று முடியும் கேள்வி பேட்டியைக் கொன்றுவிடும். அதனால், "இந்த வியாதியில உங்களுக்கு எது ரொம்பக் கஷ்டம் பெரியம்மா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"பெரியப்பா போனதுக்கப்புறம் விடியக்காலைக் குளிருல அந்தத் தேத்தண்ணிதாம்மா துணை. அதையும் கோசோங்காக் குடின்னா எப்படி?"

கெட்டிப்பால் ஊற்றி ஒரு நாளைக்கு நான்கு கப். விடியற்காலை கப்பில் பாதிப் பால், மற்ற மூன்றும் கோசோங் என்று கணக்குப் போட்டவர் அவரேதான். நான் வாயே திறக்கவில்லை.

இப்படிக் கேட்டுக் கேட்டு, மாற்றத்துக்கான காரணத்தை அவர் வாயிலிருந்தே வரவைக்கும் முறையை வில்லியம் மில்லர், ஸ்டீபன் ரோல்னிக் என்ற உளவியலாளர்கள் வளர்த்தெடுத்தார்கள். முதலில் குடிப்பழக்கத்துக்கு, பிறகு நீரிழிவுக்கும் வந்தது. மனம் இறுகினால் கார்ட்டிசோல் சுரந்து, கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் இறக்கும். சோர்ந்தவர் மாத்திரையையும் மறப்பார்.

2004இல் 'லான்செட்' இதழில் வந்த தொகுப்பாய்வில், உளவியல் சிகிச்சை பெற்ற இரண்டாம் வகை நீரிழிவு நோயாளிகளுக்கு மூன்று மாதச் சராசரி சர்க்கரை 0.76 புள்ளி கூடுதலாகக் குறைந்திருந்தது. பிந்தைய ஆய்வுகளில் பலன் இதைவிடக் குறைவு. ஆகவே மாத்திரையை நிறுத்திவிட்டுப் பேசிக்கொண்டிருக்க முடியாது.

மலைக்கு மேல் தமிழில் பேசும் உளவியலாளருக்கு எங்கே போவது என்பீர்கள். நியாயம்தான். அதுவரை வீட்டில் கேள்வியையாவது மாற்றலாம். "செருப்பு போட்டியா?" என்று அதட்டுவதை விட்டு, "காலை நீட்டுங்க, நான் துடைச்சு விடுறேன்" என்று உட்காருங்கள். விரல் இடுக்கையும் பார்த்துவிடலாம்.