கோப்பையை மட்டும் எண்ணாதீர்கள்

பித்தளைக் கருவிகளையும் முரசுகளையும் வாசித்தபடி மைதானத்தில் அணிவகுக்கும் அமெரிக்க டிரம் கோர் குழுக்களின் ரசிகர்கள் ராக்ஃபோர்டின் ஃபேன்டம் ரெஜிமென்ட் குழுவின் பொற்காலத்தைப் பேச ஆரம்பித்தால், பட்டம் கிடைத்த 1996, 2008 ஆண்டுகளோடு நிறுத்துவதில்லை. 1977, 1978, 1979 என்று தொடர்ந்து மூன்று முறை இரண்டாமிடம் பெற்றதையும், 1989-இல் துவோர்ஷாக்கின் 'புதிய உலகம்' சிம்பொனியை வாசித்தும் பட்டம் கைநழுவியதையும் அதே பெருமையோடு சொல்கிறார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம் என்பேன். அந்த ஓர் இரவில் யார் முந்தினார் என்பதற்கு மேல் மதிப்பெண் எதையும் சொல்லாது. 2008-இல் ஃபேன்டம் ரெஜிமென்டின் 'ஸ்பார்ட்டகஸ்' நிகழ்ச்சிக்கு 98.125, போட்டிக் குழுவான புளூ டெவில்ஸுக்கு 98.1. வித்தியாசம் வெறும் 0.025. அது மறுபக்கம் சாய்ந்திருந்தால், 'நான்தான் ஸ்பார்ட்டகஸ்' என்று கலைஞர்கள் மைதானத்தில் முழங்கிய கட்டம் மங்கிப் போயிருக்குமா?

இளமைக்கால ஏக்கம்தான் இப்படிப் பேசவைக்கிறது என்று சிலர் தள்ளிவிடுகிறார்கள். 1989-க்குப் பிறகு பிறந்தவர்களும் அந்தப் பதிவுகளைத் தேடிப்பிடித்துக் கேட்கிறார்களே, அவர்களுக்கு ஏது அந்த ஏக்கம்? மதிப்பெண்ணை ஒதுக்கினால் அவரவர் ரசனைதானே மிஞ்சும் என்ற கேள்வி இதைவிடக் கனமானது. ஆனால் இன்றைய மதிப்பெண் முறையிலேயே 100-இல் 40 ஒட்டுமொத்தத் தாக்கத்துக்குத்தான். கேட்பவருக்கு உடம்பு சிலிர்ப்பதை நடுவர்களே கணக்கில் எடுக்கிறார்கள். அதையும் அவர்கள் அந்த இரவில் ஒரே முறை கேட்டு, அங்கேயே மதிப்பெண் கொடுத்தாக வேண்டும். ரசிகர்களோ அதே பித்தளை முழக்கத்தைப் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பக் கேட்டுச் சீர்தூக்கிய பிறகுதான் பேசுகிறார்கள்.