ஆறாவது ஆள்

மாலை வேளைகளில் சாந்தோமிலிருந்து புறப்பட்டுக் கடற்கரைச் சாலையில் நடக்கும் வழக்கம் நமக்கு உண்டு. பக்தியினால் அன்று, மருத்துவரின் கட்டளையினால். ஐம்பது வயதைத் தாண்டிய குருக்களுக்கு, ஆயரின் கட்டளைக்கு அடுத்தபடியாக மருத்துவரின் கட்டளைதானே! அவ்வாறு நடக்கையில் வீரமாமுனிவரின் சிலையருகே சற்று நின்று இளைப்பாறுவோம். 1968-ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி மெரினாவில் எழுப்பப்பட்ட சிலைகளுள் அதுவும் ஒன்று.

1680-இல் இத்தாலியில் பிறந்து, தமிழகம் வந்து, 1747-இல் மறைந்த இந்தச் சேசு சபைக் குருவை நாம் பெரும்பாலும் தேம்பாவணிக்காகவே போற்றுகிறோம். புனித சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு 3,615 பாடல்களில் அமைந்த காப்பியம் அது. சதுரகராதிக்காகத் தமிழறிஞர்கள் அவரைப் போற்றுகிறார்கள். ஆனால் அதே கைதான் பரமார்த்த குருவின் கதையையும் எழுதியது. ஒரு குருவானவரே ஒரு குருவையும் சீடர்களையும் வைத்து நகைச்சுவைக் கதை எழுதியிருக்கிறாரே என்று எண்ணுந்தோறும் நமக்கு வியப்பும், கூடவே சிறிது அச்சமும் உண்டாகும். யாரை மனத்தில் வைத்து எழுதினாரோ!

மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடர்களோடு பரமார்த்த குரு ஓர் ஆற்றைக் கடந்த கதையை வாசகர்கள் அறிவார்கள். கரையேறியதும் எல்லாரும் வந்துவிட்டார்களா என்று ஒரு சீடன் எண்ணினான். ஐந்து பேர்தான் இருந்தார்கள். மற்றவரும் எண்ணினார்கள், அப்போதும் ஐந்துதான். எண்ணியவர் ஒவ்வொருவரும் தம்மை விட்டுவிட்டு மற்றவரை மட்டுமே எண்ணினார்கள். ஒருவனை ஆறு விழுங்கிவிட்டதென்று ஒப்பாரி வைத்து அழுதார்கள். அவ்வழியே வந்த ஒருவன் தடியை எடுத்து ஒவ்வொருவர் முதுகிலும் ஓர் அடி வைத்து, அடி வாங்கியவன் தன் பெயரைச் சொல்லி எண்ணும்படி செய்தான். ஆறு பேரும் இருந்தார்கள்!

குருமடத்தில் படித்த காலத்தில் இக்கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அதன் பொருள் நமக்கு விளங்கியது பல ஆண்டுகளுக்குப் பின்னர்தான்.

பங்குத் தந்தை ஒருவரின் வேலையில் பெரும்பகுதி எண்ணுவதுதான். ஞாயிறு திருப்பலிக்கு வந்தவர் எத்தனை பேர், வராதவர் எத்தனை பேர், பிரசங்கம் தொடங்கியதும் வெளியே சென்று காற்று வாங்கியவர் எத்தனை பேர் என்று எண்ணுவோம். எண்ணும்போதே சிரிப்பும் வரும்.

நமக்குத் தெரிந்த தந்தை ஒருவர், தம் மூன்று வயது மகன் கடுங்காய்ச்சலில் கிடந்தபோது, அவன் பிழைத்தால் அவன் உயரத்திற்கு மெழுகுதிரி ஏற்றுவதாக மாதாவுக்கு நேர்ந்துகொண்டார். மகன் பிழைத்தான். நேர்ச்சையோ வேலைப் பளுவினால் தள்ளிக்கொண்டே போயிற்று. பதினெட்டு ஆண்டுகள் கழித்து அவர் நம்மிடம் வந்து, "சாமி, நேர்ந்துகொண்ட அன்றைய உயரமா, இன்றைய உயரமா?" என்று கவலையோடு கேட்டார். அருகே நின்ற மகனை அண்ணாந்து பார்த்தோம். ஆறடிக்குக் குறையாது. "உட்கார்ந்திருக்கும் உயரம் என்று வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டுப் பார்த்தார் அவர்.

இன்னொரு குடும்பம் தியாகராய நகரில் குடியிருந்தது. பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணி ஆலயத்திற்கு ஆண்டுதோறும் வீட்டிலிருந்து கால்நடையாக வருவதாகக் குடும்பத் தலைவரின் நேர்ச்சை. ஆகஸ்டு 29-ஆம் நாள் கொடியேறியது முதல் செப்டம்பர் 8-ஆம் நாள் திருவிழா வரை, காவி உடுத்தி நடந்து வரும் கூட்டத்தில் அவரையும் காணலாம். இடையில் அக்குடும்பம் அடையாற்றுக்குக் குடிபெயர்ந்தது. நேர்ச்சையின் தூரம் குறைந்ததென்று மனிதர் உள்ளூர மகிழ்ந்தார். மனைவியோ விடவில்லை. "நேர்ந்துகொண்டது பழைய வீட்டில்தானே? அங்கிருந்துதான் நடக்க வேண்டும்!" என்று தீர்ப்பளித்துவிட்டார். அந்த ஆண்டு அவர் அடையாற்றிலிருந்து பஸ் ஏறித் தியாகராய நகர் சென்று, பழைய வீட்டு வாசலைத் தொட்டுவிட்டு, அங்கிருந்து நடந்து வந்தார். திருச்சபைச் சட்டம் கற்ற நமக்குக்கூட இத்தனை நுட்பமான தீர்ப்பு தோன்றியிராது.

லஸ் முனையில் நாம் ஏறிய ஆட்டோவில் வேளாங்கண்ணி மாதா, பிள்ளையார், நாகூர் தர்கா ஆகிய மூன்று படங்களும் ஒரே சட்டத்திற்குள் இருந்தன. ஓட்டுநரிடம் காரணம் கேட்டோம். "இந்த ஊர் ரோட்டுல ஒருத்தர் மட்டும் பார்த்துக்க முடியுமா சாமி?" என்றார். அதற்குமேல் நாம் வாதாடவில்லை. ரோடும் அப்படித்தான் இருந்தது.

இவற்றைக் கண்டு சிரிப்பது பாவமா? பாவமென்றால் புனிதர்கள் பலர் அதற்கு உடந்தை. 258-ஆம் ஆண்டு ரோமையில் வேதசாட்சியான புனித லாரன்ஸ், இரும்புக் கட்டிலில் வாட்டப்பட்டபோது, ஒரு பக்கம் வெந்துவிட்டது, மறுபக்கம் திருப்பிப் போடலாம் என்று கொலைஞரிடம் சொன்னதாக மரபு. நம் தமிழ் மண்ணிலும் சைவ அடியாராகிய சுந்தரர், பார்வை இழந்த வேளையில் தம் இறைவனை உரிமையோடு கடிந்து பாடியதைப் படிக்கிறோம். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2024-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள், நகைச்சுவைக் கலைஞர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோரை வத்திக்கானுக்கு அழைத்துச் சந்தித்தார். அன்பு கொண்டவர்களோடு விளையாடிச் சிரிப்பதுபோலக் கடவுளைக் குறித்தும் சிரிக்கலாம் என்பது அன்று அவர் சொன்னவற்றுள் ஒன்று.

ஆகவே சிரிப்பில் குற்றமில்லை. எண்ணிக்கையில்தான் குற்றம். நாம் ஐந்து பேரைத்தான் எண்ணிக்கொண்டிருந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு, நேர்ச்சைகளைப் பற்றிக் காரசாரமாகப் பிரசங்கம் செய்தோம். "இறைவனின் சந்நிதி ரங்கநாதன் தெரு அன்று, அவரிடம் பேரம் பேசாதீர்கள்!" என்று முழங்கினோம். மக்கள் சிரித்தார்கள். நமக்கும் பெருமையாக இருந்தது. அதே வாரம் வியாழக்கிழமை நமது அன்னையார் மயங்கி விழுந்தார்கள். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் இரவு இரண்டு மணிக்குத் தனியே அமர்ந்திருந்தோம். செபமாலை கையில் இருந்தது. மனமோ வேறொன்று செய்துகொண்டிருந்தது. அது என்னவென்று கூர்ந்து கவனித்தபோது திடுக்கிட்டோம்.

பேரம்!

"ஆண்டவரே, அம்மாவைப் பிழைக்க வைத்தால் இனி வாழ்நாள் முழுதும் காப்பியில் சர்க்கரை சேர்க்கமாட்டோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தோம். சற்று நேரத்தில், "பெருவிழா நாட்கள் நீங்கலாக" என்றும் சேர்த்துக்கொண்டோம். இதில் வேடிக்கை என்னவென்றால், மருத்துவர் நான்கு ஆண்டுகளுக்கு முன்பே நமக்குச் சர்க்கரையைத் தடுத்துவிட்டார். நமக்குச் சொந்தமில்லாத பொருளைத்தான் ஆண்டவருக்குக் காணிக்கையாக்கத் துணிந்திருந்தோம். மெழுகுதிரியை உட்கார வைக்கப் பார்த்த அந்தத் தந்தை நம்மைவிட நேர்மையானவர். அவர் தம் சொந்தப் பணத்தையாவது கொடுக்க முன்வந்தார்.

மூன்றாம் நாள் நமது அன்னையார் இறைவனடி சேர்ந்தார்கள்.

அதன்பின் நடந்ததை எழுதத் தயக்கமாகவே இருக்கிறது. ஆயினும் எழுதுகிறோம், ஏனெனில் குருக்களுக்கு விசுவாசம் குழாய்த் தண்ணீர்போல எப்போதும் வருமென்று சிலர் நினைக்கிறார்கள். குழாய்த் தண்ணீரே சென்னையில் எப்போதும் வருவதில்லை. திருப்பலி நிறைவேற்றினோம். துக்க வீடுகளுக்குச் சென்று ஆறுதல் சொன்னோம். ஆனால் தனியே திருப்புகழ்மாலையைத் திறந்தால் எழுத்து எழுத்தாகவே நின்றது. ஆண்டவரிடம் சொல்ல ஒரு சொல்லும் நம்மிடம் இல்லை. ஒன்றரை மாதம் அப்படியே கழிந்தது.

சீனிவாசபுரத்து மீனவப் பெண்மணி ஒருவர் சனிக்கிழமைதோறும் நம் கோயில் கெபிக்கு வருவார். திரி ஏற்றி வைத்துவிட்டு, மாதாவை நோக்கி உரத்த குரலில் ஏதோ சண்டையிட்டுவிட்டுப் போவார். நாம் பங்கிற்கு வந்த புதிதில், கோயிலில் சத்தம் போடலாகாதென்று அவரைக் கண்டித்தோம். "நான் அவகூடப் பேசறதில்ல சாமி. அதச் சொல்லிட்டுப் போவத்தான் வாராவாரம் வரேன்" என்றார். அவ்வளவு தெளிவான மறுமொழிக்கு நாம் ஆயத்தமாக இருக்கவில்லை.

காரணம் பின்னர் தெரிந்தது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அவருடைய எட்டு வயது மகனைக் கடல் கொண்டுபோயிற்று. பண்டிகைக்கு எடுத்த புதுச் சட்டையோடு பிள்ளை மணலில் விளையாடிக்கொண்டிருந்தான். சாந்தோம் பேராலயத்தின் பின்புறம் கடலை நோக்கி ஒரு கம்பம் நிற்பதை வாசகர்கள் கண்டிருப்பீர்கள். கடல் இதைத் தாண்டி வாராதென்று புனித தோமையாரே நட்டது என்பது மரபு. சுனாமி அன்று கடல்நீர் பேராலயத்திற்குள் வரவில்லை. கம்பம் காத்ததென்று ஊரெல்லாம் பேசிக்கொண்டது. அதைப் பற்றி அந்த அம்மாள் நம்மிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இன்னும் நாலு தெரு தெக்கால நட்டிருக்கக்கூடாதா சாமி?"

கேட்டுவிட்டு அவரே சிரித்தார். நம்மால் சிரிக்கவும் முடியவில்லை, பதில் சொல்லவும் முடியவில்லை. நமது அறையில் இரண்டு அலமாரி நிறைய இறையியல் நூல்கள் உண்டு. அன்றிரவு அவற்றைத் திறக்கவே மனம் வரவில்லை. இன்றுவரை அக்கேள்விக்கு நம்மிடம் பதில் கிடையாது.

அந்த அம்மாள்தான், நமது அன்னையார் மறைந்த ஒன்றரை மாதத்திற்குப் பின் ஒரு சனிக்கிழமை மாலை, கடைசிப் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்த நம்மைப் பார்த்து நின்றார்.

"இன்னா சாமி, நீங்களும் பேச்ச நிறுத்திட்டீங்களா?"

ஆமென்று தலையசைத்தோம். வேறு யார் கேட்டிருந்தாலும் மறுத்திருப்போம்.

"நிறுத்தாதீங்க. திட்டுங்க. திட்டறதும் பேச்சுதான். வராம வூட்லயே குந்திக்கினாத்தான் உறவு போச்சு."

வழிப்போக்கனின் தடி நம் முதுகில் விழுந்தது. அப்போதுதான் நமது பெயரைச் சொல்லி எண்ணினோம்: ஆறு! நேர்ச்சைக்காரரும், பஸ் ஏறிப்போய் நடந்து வந்தவரும், மூன்று படம் மாட்டியவரும், சண்டைக்காரியும் நின்ற வரிசையிலேயே, அவர்களுக்கு ஓரடிகூட முன்னால் அல்லாமல், நாமும் நின்றுகொண்டிருந்தோம். அன்றிரவு ஆண்டவரோடு நெடுநேரம் சண்டையிட்டோம். முடித்தபோது, செபித்திருக்கிறோம் என்பது நமக்குத் தெரிந்தது.

நம் நாட்டின் திருத்தூதராகிய தோமையாரை இப்போது வேறு கண்கொண்டு பார்க்கிறோம். உயிர்த்த நாள் மாலையில் ஆண்டவர் சீடர்களுக்குத் தோன்றியபோது அவர் அங்கில்லை. பின்னர் செய்தி கேட்டு அவர் விதித்த நிபந்தனை என்ன? காயங்களைக் கண்டு, தொட்டாலன்றி நம்பமாட்டேன் என்பது. அதுவும் பேரமே! ஆண்டவர் என்ன செய்தார்? தம் சீடரை எண்ணிப் பார்த்தார், ஒருவர் குறைந்தார். எட்டு நாள் கழித்து மீண்டும் வந்தார். அந்த ஒருவரின் பேரத்தை ஏற்று, காயங்களைத் தொடும்படி நீட்டினார். உயிர்த்த பின்னரும் அவர் அக்காயங்களை ஆற்றிக்கொள்ளாமலே வைத்திருந்தது, நம்மைப் போன்றோர் தொட்டுப் பார்க்கவே போலும். அவ்வாறு பேரம் பேசியவர்தாம் நம் கரைவரை வந்து, 72-ஆம் ஆண்டில் பரங்கிமலையில் உயிர் கொடுத்தார் என்பது நம் முன்னோர் நம்பிக்கை.

ஆகவே அன்பர்களே, பக்கத்து வீட்டாரின் பக்தியைக் கண்டு சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்தபின் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எண்ணும்போது உங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த அம்மாள் இன்றும் சனிக்கிழமைதோறும் வருகிறார். மாதாவோடு இன்னும் பேச்சில்லை. அதைச் சொல்லத் தவறுவதும் இல்லை. முன்பு ஒரு திரி ஏற்றுவார், இப்போது இரண்டு ஏற்றுகிறார். இரண்டாவது யாருக்கு என்று கேட்டோம்.

"உங்க அம்மாவுக்கு. அவங்களாவது எம் புள்ளகிட்ட பேசட்டும்" என்றார்.