மாம்பழமும் பசையரிசியும்

சித்திரை வெயில் தகிக்கும் நாட்களிற் பாங்கொக் நகருக்குச் செல்வோர், தெருவோரக் கடைகளிற் பொன்னிற மாம்பழங்கள் குவிந்திருக்கக் காண்பர். அருகே மூடிய பாத்திரத்திற் பால்மணக்கும் வெண்சோறு இருக்கும். இரண்டும் சேர்ந்ததே தாய்லாந்து மக்கள் ‘காவ் நியாவ் மாமுவாங்’ என வழங்கும் இனிப்பு.

இதற்குச் சாதாரண அரிசி உதவாது. அந்நாட்டின் வடக்கிலும் வடகிழக்கிலும் அன்றாட உணவாகிய பசையரிசியே வேண்டும். அதனை இரவு முழுதும் ஊறவைத்து, நீரில் வேகவிடாது, மூங்கிற் கூடையிலிட்டு ஆவியில் அவிப்பர். சூடாறுமுன் சீனியும் உப்பும் கரைத்த தேங்காய்ப்பாலை ஊற்றிக் கிளறி மூடிவைப்பர். ஆறிய சோறு பாலை நன்கு உறிஞ்சாது. பின்னர் ‘மலர்நீர்’ எனப் பொருள்படும் ‘நாம் டொக் மாய்’ மாம்பழத்தை அரிந்து அருகில் வைத்து, உப்பிட்ட முதற்பாலைச் சோற்றின்மேல் ஊற்றி, வறுத்த பயற்றம்பருப்பைத் தூவுவர்.

வீட்டிற் செய்து பார்க்க விரும்புவோர் அந்த உப்பை மட்டும் விட்டுவிடலாகாது. பழத்தின் இனிமையை எடுத்துக்காட்டுவது அதுவே.