கடல் தாண்டும் விதைகள்

இணுவில் வீட்டு வளவில் முற்றவிட்ட பயித்தை, பாகல், சிறகவரை விதைகளைச் சாம்பலில் புரட்டி, நிழலில் உலர்த்தி, ரொறன்ரோவில் இருக்கும் அக்காவுக்கு அனுப்பினேன்.

அங்கே மே மாதம் வரை உறைபனி. அக்கா யன்னலோரச் சாடியில் முளைக்க வைத்துத்தான் வெளியே நட்டா. பயித்தையும் பாகலும் காய்த்துக் கொட்டின. சிறகவரை படர்ந்ததே தவிரப் பூக்கவில்லை. பகல் சுருங்கினால்தான் அது பூக்கும். யாழ்ப்பாணத்தில் எந்த மாதமும் பகல் 13 மணித்தியாலத்தைத் தாண்டாது. ரொறன்ரோவில் யூனில் 15ஐத் தாண்டும். இலையுதிர் காலத்தில் மொட்டு வந்தது, பின்னாலேயே பனியும் வந்தது.

பதிலுக்கு அக்கா தந்த சலாது விதை சித்திரை வெயிலில் முளைக்கவேயில்லை. மண் 30 பாகையைத் தாண்டினால் அது உறங்கிவிடும். மார்கழியில் திரும்பப் போட்டேன், பாத்தி நிறைய முளைத்தது.

விதைக்குள் அதன் ஊரின் வெயிலும் பகலும் பதிந்திருக்கின்றன. வெளிநாட்டு உறவுகளே, விதை கேளுங்கள், தாருங்கள். ஆனால் பயணப்பைக்குள் ஒளித்துக் கொண்டுபோகாதீர்கள். தாவர சுகாதாரச் சான்றிதழ் எடுத்து, அந்தந்த நாட்டு விதிப்படி அனுப்புங்கள். விதையோடு நோய் போனால் இரண்டு மண்ணுக்கும் கேடு.