மரம் வெட்டுகிறவன் எங்கே போனான்?



கணினி விளையாட்டு என்று சொன்னதும் உங்களில் பலர் முகம் சுளிப்பீர்கள். "பிள்ளைகளின் கண்ணைக் கெடுக்கிறது, படிப்பைக் கெடுக்கிறது, இதற்கு ஒரு கட்டுரையா?" என்று கேட்பீர்கள். கேட்பது நியாயமே. ஆனாலும் சற்றுப் பொறுங்கள். எல்லா விளையாட்டும் ஒன்றல்ல. சுட்டுத் தள்ளுவது ஒரு வகை, கார் ஓட்டுவது ஒரு வகை. இவற்றுக்கிடையே, உட்கார்ந்து யோசித்து, ஆள் சேர்த்து, பொருள் சேர்த்து, ஊரைக் கட்டி, அதன்பிறகு எதிரியைச் சந்திக்கும் விளையாட்டும் ஒன்று உண்டு. வியூக விளையாட்டு என்று அதைச் சொல்லலாம். நம் பாட்டிமார் ஆடிய ஆடுபுலி ஆட்டத்துக்கு அது பேரப்பிள்ளை முறை வேண்டும்.

ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த அந்த விளையாட்டு, பிறகு நொடித்துப் போயிற்று. அது நொடித்த கதையில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

தோட்டம் விற்கப்பட்டு நாங்கள் பட்டணத்து அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்த சமயம், என் மூத்த மகனுக்குப் பதின்மூன்று வயது. பழைய கணினி ஒன்று வாங்கினோம். அதில் அவன் ஆடியது 'ஏஜ் ஆப் எம்பயர்ஸ்' என்ற விளையாட்டின் இரண்டாம் பாகம். 1999ஆம் ஆண்டு வெளிவந்தது. ஆட்டம் எப்படித் தொடங்கும் தெரியுமா? ஓர் ஊர் மண்டபம், மூன்று குடியானவர்கள், குதிரையில் ஒரு வேவுக்காரன். கையிருப்பு உணவு 200, மரம் 200, கல் 200, பொன் 100. அவ்வளவுதான். ஒரு புதிய ஆளை உண்டாக்க உணவு 50 வேண்டும். ஐந்து ஆளுக்கு ஒரு வீடு கட்ட வேண்டும். வீட்டுக்கு மரம் வேண்டும். மரம் வேண்டுமென்றால் ஆள் காட்டுக்குப் போக வேண்டும். ஆள் காட்டுக்குப் போனால் சமையலுக்கு ஆடு பிடிப்பது யார்? இந்தக் கணக்கில் தவறினால், எதிரி வரும்போது கையில் ஈட்டி இருக்காது.

என் தகப்பனார் தோட்டத்தில் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் பேரன் பின்னால் நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு திரையில் விரலை வைத்துக் கேட்டார்: "ஏன்டா ஐயா, இந்த ஆளு மட்டும் ஏன் சும்மா நிக்கிறான்?"

"மறந்துட்டேன் தாத்தா."

"நல்லா மறந்தே! பெரட்டுல ஆளைப் பிரிச்சு விடாம, அப்புறம் வேலை நடக்கலன்னு அழுதா ஆச்சா? மூணு பேரை மரத்துக்கு அனுப்பு. ரெண்டு பேரை வயலுக்கு விடு."

அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் தாத்தாவுக்கு ஒரு நாற்காலி தயார். முப்பது வருஷம் இருட்டோடு இருட்டாகப் பெரட்டுக் களத்தில் நின்று, மரம் சீவ இத்தனை பேர், உரம் போட இத்தனை பேர், மருந்து அடிக்க இத்தனை பேர் என்று பிரித்துவிட்டவர் அல்லவா? எழுதப் படிக்க அதிகம் தெரியாத அந்த மனிதர், தமக்குத் தெரிந்த தொழில் அந்தப் பெட்டிக்குள் நடப்பதைக் கண்டுகொண்டார். பேரனும் தாத்தாவின் தொழில் எத்தனை சிரமமானது என்று அப்போதுதான் புரிந்துகொண்டான்.

இந்த வகை விளையாட்டுக்கு வழி காட்டியது 1992ல் வந்த 'டியூன் 2'. அதைச் செய்த வெஸ்ட்வுட் நிறுவனம் 1995ல் 'கமாண்ட் அண்ட் காங்கர்' என்ற விளையாட்டைக் கொடுத்தது. அதில் வண்டியை அனுப்பி வயலிலிருந்து பொருளை அள்ளி வரவேண்டும். அதை விற்றுத்தான் படை. 1998ல் வந்த 'ஸ்டார்கிராப்ட்', கொரியாவில் தொலைக்காட்சியில் காட்டும் அளவுக்குப் பேர் பெற்றது. 2002ல் 'வார்கிராப்ட் 3' வந்தது. பத்தாண்டு காலம் பொற்காலம் என்றே சொல்லலாம்.

பிறகு என்ன ஆயிற்று?

தயாரித்தவர்களுக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. "மரம் வெட்டுவதும் வீடு கட்டுவதும் தொல்லை. ஆடுகிறவருக்குச் சண்டைதானே வேண்டும்?" என்று நினைத்துவிட்டார்கள். 2010ல் வந்த 'கமாண்ட் அண்ட் காங்கர்' நான்காம் பாகத்தில் பொருள் அள்ளும் வேலையே இல்லை. ஊர் கட்டும் வேலையும் இல்லை. நடமாடும் கோட்டை ஒன்று படையைத் துப்பிக்கொண்டே இருக்கும். தனியாக ஆடினாலும் இணையம் அறுபடாமல் இருக்க வேண்டும். ஆண்டாண்டாகக் காத்திருந்த இரசிகர்கள் மனம் நொந்தார்கள்.

2013ல் நகரம் கட்டும் 'சிம்சிட்டி' வந்தது. அதற்கும் இணையம் கட்டாயம். வெளியான வாரத்தில் கூட்டம் தாங்காமல் அந்த நிறுவனத்தின் கணினிகள் திணறின. காசு கொடுத்து வாங்கியவர்கள் வாசலில் நின்றார்கள். இணையம் இல்லாமல் ஆடும் வசதி வந்துசேர மறுவருடம் ஆயிற்று. 2020ல் 'வார்கிராப்ட் 3' புதுப்பிக்கப்பட்டு வந்தது. 2018ல் காட்டி ஆசை மூட்டியவற்றில் பல அதில் இல்லை. போதாக்குறைக்கு, பழைய விளையாட்டை வைத்திருந்தவர்களும் அதில் இருந்த சில வசதிகளை இழந்தார்கள். கடைசியில் கேட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

கடைகளும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வெஸ்ட்வுட் 2003ல் போயிற்று. 'ஏஜ் ஆப் எம்பயர்ஸ்' தந்த என்செம்பிள் நிறுவனம் 2009ல் மூடப்பட்டது. கூட்டமும் இடம் மாறியது. 'வார்கிராப்ட் 3'ஐ வைத்து இரசிகர்களே செய்த 'டோட்டா' என்ற ஆட்டத்தில், ஒரே ஒரு வீரனை நடத்தினால் போதும். ஊரைக் கட்டிக் காக்கும் கவலை இல்லை. இளைஞர்கள் பெருவாரியாக அந்தப் பக்கம் சாய்ந்தார்கள்.

எங்கள் வீட்டிலும் இந்த ஏமாற்றம் நடந்தது. என் இளைய மகன் பசார் மாலாம் கடையில் சனிக்கிழமைதோறும் தட்டுக் கழுவி, நூற்றைம்பது வெள்ளி சேர்த்தான். அண்ணன் ஆடியது போன்ற விளையாட்டு என்று நம்பிப் புதிதாக ஒன்று வாங்கினான். பேர் வேண்டாம். வீட்டு இணையம் நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்தது. அறுந்த போதெல்லாம் ஆட்டம் நின்றது. கடைக்காரர், "பெட்டியைப் பிரித்துவிட்டால் திருப்பி வாங்க முடியாது" என்று சொல்லிவிட்டார்.

தகப்பனாருக்கு அப்போது எண்பதை நெருங்கும் வயது. பழைய நினைப்பில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வெடியும் புகையுமாக எதோ ஓடியது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மரம் வெட்டுறவன் எங்கேடா போனான்?" என்று கேட்டார்.

"இதுல அதெல்லாம் இல்ல தாத்தா. சண்டை மட்டுந்தான்."

"வேலையே செய்யாத ஊருக்குச் சோறு எங்கிருந்து வருது?" என்றார். எழுந்து போய்விட்டார். அதன் பிறகு அந்த நாற்காலியில் அவர் உட்காரவே இல்லை. நூற்றைம்பது வெள்ளி போனதைவிட எனக்கு அதுதான் பெரிய நஷ்டம்.

அவர் கேட்டதில்தான் முழு விஷயமும் இருக்கிறது, வாசகர்களே. பாடுபட்டுச் சேர்த்து, அதைக் கொண்டு வெல்வதில்தான் அந்த விளையாட்டின் ருசி. பாட்டை எடுத்துவிட்டால் வெற்றி சப்பென்று ஆகிவிடும். உழைத்துச் சாப்பிடும் நமக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இன்றைய கைப்பேசி விளையாட்டுகள் சிலவற்றில் வேறொரு தந்திரம். 2012ல் வந்த 'கிளாஷ் ஆப் கிளான்ஸ்' என்பதில் ஊர் உண்டு, கட்டடம் உண்டு. ஆனால் ஒரு கட்டடம் முடிய மணிக்கணக்கில், சமயத்தில் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருக்க முடியாதவன் காசு கொடுத்து அவசரப்படுத்தலாம். அங்கே யோசனைக்கு விலை குறைவு, பொறுமையின்மைக்குத்தான் விலை. மாதக் கடைசியில் கைப்பேசிக்குப் போட்ட பணம் எங்கே போனது என்று தேடும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

எல்லாம் அழிந்துவிடவில்லை. 1999ல் வந்த அதே 'ஏஜ் ஆப் எம்பயர்ஸ்' இரண்டாம் பாகத்தை, அடிப்படையை மாற்றாமல் 2019ல் மெருகேற்றிக் கொடுத்தார்கள். அது இன்றும் ஆடப்படுகிறது. 2022ல் அதனுடன் ஓர் இணைப்பு வந்தது. அதில் ஒரு கதையின் நாயகன் யார் தெரியுமா? நம் இராஜேந்திர சோழன்! சுருள்வாள் சுழற்றும் வீரர்களும் அதில் உண்டு. 1025ஆம் ஆண்டு வாக்கில் அவன் படை வந்து வென்ற கடாரம் நம்முடைய கெடாதான். வேரை வெட்டாமல் விட்டவர்களின் மரம்தான் துளிர்த்தது.

ஆகவே பெற்றோர்களுக்கு மூன்று வார்த்தை. பிள்ளை ஒரு விளையாட்டைக் கேட்டால், இணையம் இல்லாமல் ஆட முடியுமா என்று விசாரியுங்கள். வாங்கிய பிறகும் உள்ளே காசு கேட்குமா என்று பாருங்கள். வெளிவந்த நாளிலேயே ஓடாமல், ஒரு மாதம் பொறுத்து, வாங்கியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள். பிள்ளை தட்டுக் கழுவிச் சேர்த்த காசுக்கு அந்த மரியாதையாவது கொடுக்க வேண்டாமா?