காதுக்குள்ளே ஒன்று, காது மேலே ஒன்று

எங்கள் வீட்டில் இரண்டு மாசமாக ஒரே வழக்கு. பெரியவன் காதை முழுசாக மூடுகிற பெரிய ஹெட்போன்காரன். சின்னவள் காதுத் துவாரத்தில் சொருகுகிற 'இன்-இயர் மானிட்டர்' கட்சி. எதில் பாட்டு நன்றாக இருக்கிறது என்று சண்டை முற்றி, "நீயே கேட்டுச் சொல்லும்மா" என்று தீர்ப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

உலை வைத்துவிட்டுப் பின்கட்டில் உட்கார்ந்தேன். 1978-இல் வந்த 'ப்ரியா' படத்துப் பாட்டுத்தான் வேண்டும் என்றேன். இளையராஜா ஸ்டீரியோவில் பதிவு செய்த படமாச்சே! பெரிய ஹெட்போனில் வயலின்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளி நின்று வாசிக்கின்றன. கச்சேரியில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்த மாதிரி தாராளம். ஆனால் ஜிமிக்கியின் திருகு அழுந்தி வலிக்கிறது. சித்திரை வெயிலில் காதெல்லாம் வியர்வை.

சின்னவளுடையதை மாட்டினதும் தகர டப்பாவைத் தட்டின மாதிரி இருந்தது. "உனக்குக் காது சின்னதும்மா" என்று முனையிலிருந்த ரப்பரைக் கழற்றி வேறு அளவு போட்டாள். அப்புறம் பார்க்கணுமே! தாளம் 'கும்'மென்று இறங்குகிறது, பாடகி மூச்சிழுப்பதுகூடக் கேட்கிறது. கேஸ்கட் சரியாக உட்காராத குக்கர் மாதிரிதான் சகோதரிகளே, இடுக்கு இருந்தால் அடிநாதம் அத்தனையும் ஓடிவிடும். ஆனால் இதில் பாட்டு எதிரே இல்லை, மண்டைக்குள்ளே நடக்கிறது. மாட்டிக்கொண்டு முறுக்குத் தின்றால் உரலில் இடிக்கிற சத்தம்!

நிம்மதியாக உட்கார்ந்து ரசிக்கப் பெரியதுதான் என்றேன். சின்னவளுக்கு முகம் தொங்கிவிட்டது. அவள் பக்கமும் நியாயம் உண்டு. தினம் புளியஞ்சோலையிலிருந்து துறையூருக்குப் பஸ்ஸில் போகிறவள். நன்றாகப் பொருந்தின இன்-இயர் வெளி இரைச்சலைத் தடுத்துவிடும். பாட்டைக் கூட்டி வைக்க வேண்டியதில்லை. மேடைப் பாடகர்கள் இதை மாட்டுவதும் அதற்குத்தான். பெரிய ஹெட்போனிலும் பின்புறம் திறந்த ரகம் இரைச்சலைத் தடுக்கவே தடுக்காது.

இவ்வளவு நான் விசாரித்ததற்குக் காரணம் எங்க வீட்டுக்காரர். பதினெட்டு வருஷம் போர்வெல் ரிக் வண்டியில் வேலை பார்த்தவர். காதில் ஒன்றும் மாட்டிக்கொண்டதில்லை. 'மோர்' என்றால் கேட்கும், 'சோறு' என்றால் "என்ன?" என்பார். திருச்சியில் காது டாக்டர் சோதித்துக் கோடு போட்ட படம் கொடுத்தார். 4000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு பள்ளமாக இறங்கியிருக்கிறது. இரைச்சலில் கெட்ட காதின் அடையாளமாம் அது. உள்காதிலுள்ள நுண்மயிர்ச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மறுபடி முளைக்காதாம்.

அன்றைக்கு அவரும் பெரியவனுடையதை வாங்கி மாட்டிக்கொண்டார். கூட்டினார், கூட்டினார், பிறகு தலையாட்டி ரசித்தார். அதே சத்தத்தில் நான் மாட்டிப் பார்த்தேன். ஐயோ, பதறிக் கழற்றினேன். பிள்ளைகள் இரண்டும் வாயடைத்து நின்றன.

உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இது: பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம், குழந்தைகளுக்கு 75 டெசிபலில் 40 மணி நேரம். 90 டெசிபல் ஆகிவிட்டால் பெரியவர்களுக்கே வாரம் 4 மணிதான்! செல்போனிலேயே சத்தத்துக்கு எல்லை வைக்கலாம். சின்னவள் தானாகவே வைத்துக்கொண்டாள்.

இன்னொன்று, இளந்தாய்மார்களுக்கு. காதில் சீழ் வடியும் பிள்ளைக்கு உள்ளே சொருகுவது ஆகவே ஆகாது. ஒருவர் போட்டதை இன்னொருவர் போடுவதும் வேண்டாம். ரப்பர் முனையைக் கழற்றித் துடையுங்கள், குறும்பி அடைந்தாலே ஓசை மங்கிவிடும்.

வருகிற செவ்வாய்க்கிழமை அவருக்குக் காதுக்கருவி பொருத்திப் பார்க்கத் திருச்சி போகிறோம். "அதுல நம்ம ஐயாத்துத் தண்ணிச் சத்தம் கேக்குமா?" என்று நேற்று இரண்டு தடவை கேட்டுவிட்டார்.